ரம்பம் வைக்கும் முன்

மார்ச் மாதம், கால்மார்.
கடல் ஓரங்களில் இன்னும் உறைந்து கிடந்தது.
காரின் பின்கதவு மூடாமல், கயிறு கட்டி
அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாள் யோர்டிஸ் எக்பிளாட்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். ஐம்பத்து மூன்று வயது.
"காரை விற்றாலும் இதன் விலைக்கு வராது"
என்று சொல்லி, அதே காரைச் செல்லமாகத் தட்டினாள்.

பிரித்தோம்.
பளபளப்பில்லாத, நனைந்த கரும்பலகையின் கறுப்பு.
கேபிள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை;
நல்ல குடும்பத்துச் சண்டை போல
எல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது.
பின்சக்கரத்தில் ஆரக்கால் இல்லை, முழுத்தட்டு.
சுண்டினால் தம்பட்டம்.

எண்சாண் உடம்பை மில்லிமீட்டரில் சொல்வது என் தொழில்.
இடுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு, முழங்காலில் ஒன்று,
கணுக்காலில் ஒன்று.
உருளைமேல் ஏற்றி மிதிக்கச் சொன்னேன்.
சீட்டை நான்கு ஏற்றினேன், இரண்டு இறக்கினேன்,
ஆறு முன்னால் தள்ளினேன்.
இடுப்பு ஆடுவது நின்றது.
இடது காலணிக்கடியில் ஒரு மெல்லிய தகடு வைத்ததும்
"இத்தனை நாள் இந்தக் கால் யாருடையது?" என்றாள்.

இனி முன்பக்கம்.
முழங்கைத் திண்டு எவ்வளவு தாழ்கிறதோ
அவ்வளவு காற்று நம்மை மறந்து மேலே போகும்.
மடித்து மடித்துக் கிழிந்த தாள் ஒன்று வைத்திருந்தாள்.
அதில் ஓர் எண். அடியில் இரண்டு கோடு.
"இதற்கு வெட்டு."

கார்பன் குழாயை அறுத்தால் அறுத்ததுதான்.
பற்றவைக்க அது இரும்பல்ல.
(ஒருமுறை, ஓர் ஆஸ்திரியரின் சைக்கிளில்,
ரம்ப அலகின் தடிமனைக் கணக்கில் சேர்க்க மறந்தேன்.
புது ஃபோர்க்குக்கு என் ஆறு வாரச் சம்பளம்.
அவர் திட்டவே இல்லை.
அதுதான் இன்றும் காதில் கேட்கிறது.)

ஆகவே வெட்டாமல், மிஞ்சிய வளையங்களை மேலே அடுக்கி
அவள் கேட்ட உயரத்தில் முடுக்கினேன்.
ஐந்து நியூட்டன் மீட்டர். சாவி 'டிக்' என்றது.

மிதித்தாள்.
அழகுதான், மறுக்கவில்லை. முதுகில் தேநீர்க் கோப்பை வைக்கலாம்.
"இடது பக்கம் பின்னால் யாரோ வருகிறார்கள், பார்" என்றேன்.
தலை திரும்பவில்லை.
தோள் திரும்பியது, முழங்கை திரும்பியது,
ஆணியடித்தாற்போல் நிற்கும் சைக்கிளும்
ஒரு கணம் திரும்பப் பார்த்தது.

எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினேன்.
நான்காவது தடவை வாய் திறந்தாள்.
இரண்டு வருடம் முன்பு, அறுந்த சங்கிலி ஒன்று.
கழுத்தில் இரண்டு திருகாணி.
"உன்னிடம் இருப்பதைவிட நல்ல ரகம்."
தாளிலிருந்த எண் அதற்கு முந்தியது.

"இருபது மில்லிமீட்டர் உயர்த்தலாம்."
"எத்தனை நிமிடம் போகும்?"
"நூற்றெண்பது கிலோமீட்டருக்கு நாலு. ஐந்தாகவும் இருக்கலாம்."
"ஓலாண்ட் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால்?"
"அடித்தால், சைக்கிள்மேல் இருப்பாய்."

கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்,
பார்க்க அதில் ஒன்றுமில்லை.
பிறகு தாளை எடுத்தாள். பழைய எண்ணை அடிக்கவில்லை.
பக்கத்தில் இன்னொன்றை எழுதினாள்.

மூன்று முறை அளந்தேன்,
அலகின் தடிமனையும் சேர்த்து.
முகமூடி. தண்ணீர்த் தெளிப்பு. கறுப்புக் குழம்பு.
முப்பத்தெட்டு இழுப்பு.
துண்டு விழுந்த சத்தம்
பாட்டில் மூடி விழுவதைவிடப் பெரிதில்லை.

தராசில் வைத்தாள்: பதினொரு கிராம்.
கட்டைவிரலில் மாட்டினாள், தொளதொளத்தது.
"இந்தத் துண்டுக்கு மட்டும் எவ்வளவு கொடுத்திருப்பேன்?"
கைபேசியில் கணக்குப் போட்டாள்; விடையை எனக்குக் காட்டவில்லை.

தரையைப் பெருக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.
காரைப் பின்னால் எடுக்கும் முன்
முதலில் கண்ணாடியைப் பார்த்தாள்.
பிறகு பெல்ட்டைத் தளர்த்தி,
இடுப்பிலிருந்து முழு உடம்போடும் திரும்பி
சாலையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கை அசைத்தாள்.