பத்து நாற்பதுக்கு மழை

பதினாலு வருசத்துத் தாள்களை
பிஸ்கட் தகரங்களில் இருந்து இறக்கி
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
கறையான் தின்றது போக
நாற்பத்தொரு கொப்பி.

பத்து நிமிடத்துக்கு ஒரு வரி.
யார், எந்த மரம், எத்தனை மீற்றர்,
தின்கிறதா, பேன் பார்க்கிறதா, சும்மா இருக்கிறதா.
சும்மா இருப்பதற்குக் குறி: சு.
புல்லுமலைக் காட்டில் அதிகம் நடந்தது அதுதான்.

முதல் பதினொரு மாதமும்
தாள் முழுக்க ஒரே சொல், ஓட்டம்.
எங்கள் தலை தெரிந்தால் ஓட்டம்,
நல்லரெத்தினம் இருமினால் ஓட்டம்,
சோற்றுப் பார்சல் சரசரத்தால் ஓட்டம்.
சேனைக்காரரின் யானை வெடி கேட்டு வளர்ந்த காதுகள்
நாங்கள் பேசாமல் இருப்பதை நம்பவில்லை.

பன்னிரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்,
முதிரைக் கொப்பில் இருந்த சுளகு
எங்களைப் பார்த்தாள்.
கொட்டாவி விட்டாள்.
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.
அன்றைக்கு பார்த்தலோட் மிஸ்
உறுகாமத்துக்கு ஆள் விட்டு எருமைத் தயிர் எடுப்பித்தார்.
ஒருத்தி எங்களை மதிக்காமல் விட்டதற்கு
மூன்று பேர் விருந்து வைத்தோம்.

பெயர் வைத்தது நான். எல்லாம் குசினிச் சாமான்.
சுளகு, அவள் மகள் சிரட்டை,
சிரட்டையின் மூத்தவள் அகப்பை.
ஆண்களுக்கு வைத்த பெயர் தங்கவில்லை,
வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள்,
கடைசித் தாளில் ஒரு கேள்விக்குறி.
தாய் இருந்த இடம் மகளுக்கு.
சிரட்டை வந்தால் மற்றவள் எழும்பி இடம் விடுவாள்,
சிரட்டையின் பால்குடிக்கும் விடுவாள்.
மிஸ் இதற்கு ஒரு நீண்ட சொல் சொல்லித் தந்தார்.
நான் வயிற்றுவார் என்று எழுதினேன்.
மட்டக்களப்பில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விதி ஒன்றுதான்: கை வைக்காதே.
விழுந்தால் விழட்டும்.
மரத்தைக் குறி, நேரத்தைக் குறி.
அகப்பையின் முதல் குட்டியை
வெங்கிணாந்தி சுற்றிக்கொண்டிருந்த முப்பது நிமிடமும்
மூன்று வரியாக இருக்கிறது.
கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது.

பிறகு மூன்றாம் வருச ஆவணி.
கச்சான் அடித்து மடு எல்லாம் வற்றி
யாரோ விட்டுப்போன வளவில்
கட்டில்லாத கிணறு மட்டும் மிச்சம்.

10.30. சிரட்டை. நிலம். அழைக்கிறாள்.
10.40. மழை.
10.50. சிரட்டை. பாலை, ஆறு மீற்றர். பால் கொடுக்கிறாள்.

மழை பெய்தால் பதியத் தேவையில்லை,
மழை என்று போட்டால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தில்
நல்லரெத்தினம் சாரத்தைக் கழற்றி முறுக்கி
கழிசானோடு கிணற்றடியில் நின்றார்.
"கெதியா ஏறு புள்ள, என்ர கை விடுது" என்றார்.
ஈரக் குட்டி என் கொண்டையைப் பிடித்திருந்தது,
தாய்மயிரைப் பிடிக்கிற அதே பிடி.
மேலே வந்ததும் சிரட்டை என் முழங்கையைக் கடித்தாள்.
கடிக்கும் குறி உண்டு: க.
அதையும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் தாள்களைப் புரட்டினார்.
"ஆவணியிலயா மழை?"
என் கைக்கட்டைப் பார்த்தார்.
கரடியனாறு ஆஸ்பத்திரி மருந்து மணத்தது.
சிவப்புப் பேனையை எடுத்து
பக்கத்தில் ஏதோ எழுதினார்.
நான் அப்போது வாசிக்கவில்லை.

இப்போது வாசிக்கிறேன்:
மிகச் சிறிய மழை.

உன்னிச்சைக் குளத்து மழைமானியில் அன்றைக்கு 0.0.
கணினி அந்த வரியைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறது,
திருத்தவா, நீக்கவா என்று கேட்கிறது.
மிஸ் மெல்பேர்ணில். நல்லரெத்தினம் கேட்டுச் சிரித்தார்,
சாரம் கிழிந்த காசை இன்னும் தரவில்லையாம்.

கிணற்றில் விழுந்தவளுக்கு மூக்குப்பேணி என்று பெயர்.
பிள்ளைகள் நாலு, பேத்தி ஒன்று.
கட்டுரையில் ஏறுகிற கோடு
ஆறு தலை அளவுக்கு என் பொய்யில் நிற்கிறது.
அதற்கு என்ன குறி போடலாம்?

இன்று காலை எழுதியது இது:
9.20. மூக்குப்பேணி. வீரை, எட்டு மீற்றர்.
என்னைப் பார்த்தாள். கொட்டாவி. முதுகு.
சு.