நூற்று அறுபத்தொன்பதில் தொடங்குவது

விளக்கு பச்சைதான்.
ஒளி அளவு மைனஸ் பத்தொன்பது, குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வரை
கண்ணாடி நூலுக்குள் வெளிச்சம் வந்து சேர்கிறது.
முகவரி மட்டும் வரவில்லை.

நூல் எங்களுடையது இல்லை.
பெரிய கம்பெனியிடம் மொத்தமாக எடுத்து
தக்காளி மண்டிக்கும் இரண்டு கிளினிக்குக்கும்
சில்லறையாய் விற்கிறோம், நானும் திம்மராஜும்.
மொத்தத்துக்கும் சில்லறைக்கும் நடுவே எங்கேயோ
ஒரு கேள்வி தொலைந்துபோகிறது.

இரவு இரண்டே கால். கூடைகள் இறங்குகின்றன.
நாலு மணிக்கு ஏலம்.

புது ரவுட்டரைக் கழற்றிவிட்டு
என் மடிக்கணினியை நேராகச் செருகினேன்.
அதுவும் கேட்டது.
யாராவது இருக்கிறீர்களா, எனக்கொரு எண் வேண்டும்.
நாலு நொடி விட்டு மறுபடி. பிறகு எட்டு. பிறகு பதினாறு.
கேட்டுக் கேட்டு அலுத்து
தனக்குத்தானே ஓர் எண் வைத்துக்கொண்டது:
நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்துநாலு...
யாரும் கொடுக்காத எண்.
அதை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியாது.

மொத்தம் நாலே பேச்சு.
கேட்பது, நீட்டுவது, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்பது, ஆகட்டும் என்பது.
கல்யாணத் தரகு இதைவிட நீளம்.
நாங்கள் முதல் பேச்சிலேயே நிற்கிறோம்.

‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?’
பார்த்தேன்.
‘டேக் நானூத்திப் பன்னெண்டுதானே?’
போட்டேன். எடுத்தேன். போட்டேன்.
‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?’

முனிவெங்கடப்பா எட்டிப் பார்த்தார்.
‘கரன்ட் இருக்கு, லைட் எரியுது, அப்புறம் என்னம்மா?’
‘லாரி நிக்குது, நம்பர் பிளேட் இல்ல, அப்படி வச்சுக்கங்க’
என்றான் திம்மராஜ்.
சரியான உவமை இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மேசைக்கு அடியில், உடைந்த கூடைகளுக்குப் பின்னால்
வியாழக்கிழமை இடியில் கருகிய பழைய ரவுட்டர்.
காலில் இடறியது. வேறொன்றுமில்லை, அதுதான் நடந்தது.

இது செத்த சேதியை
ஓசூருக்கு யார் சொன்னது?

குப்புறப் போட்டு, கரியைத் துப்பட்டாவால் துடைத்து
செல்போன் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் படித்தேன்.
பன்னிரண்டு எழுத்துகள்.
கடைசி நாலு: ஒன்பது, ஏ, எட்டு, எஃப்.
எட்டா, பி-யா என்று இருவருக்கும் தகராறு.
பி என்று போட்டோம். வரவில்லை.
எட்டு என்று போட்டோம்.

கேட்டது.
நீட்டினார்கள்.

மூன்று நாற்பது.
ஓசூரில் ஏதோ ஓர் அட்டவணையில்
இந்த வாசலுக்கு ஒரே ஒரு முகம்தான் பதிந்திருக்கிறது.
புதியவன் எத்தனை முறை கூப்பிட்டாலும்
அவர்கள் காதுக்கு அது நாய் குரைப்பு.
இறந்தவன் பெயரைச் சொன்னதும் கதவு திறக்கிறது.

‘இதைப் பழைய இரும்புக்குப் போட்ராத’ என்றேன்.
திம்மராஜ் அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து
புதியதன் முதுகில் ஒட்டினான், கோணலாக.

ஏலம் தொடங்கிவிட்டது. கூடை நூற்று எண்பது, எண்பத்தைந்து.
பில் அச்சாகும் சத்தம்.
அப்போதுதான் குறுஞ்செய்தி வந்தது:
உங்கள் புகார் முடிக்கப்பட்டது. எங்கள் பக்கம் பழுது ஏதுமில்லை.

கொடுத்த எண்ணுக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்.
பாதியில் ஒருமுறை, தானே விழித்து
வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும்.
வீட்டுக்குப் போகலாம் என்றான்.
நான் போகவில்லை.
தக்காளிச் சாறு பிசுபிசுக்கும் ஸ்டூலில்
நாலு நாற்பதுக்காக உட்கார்ந்திருந்தேன்.

கேட்டது.
ஒரு நொடி.
ஆகட்டும் என்றார்கள்.