இதர செலவு

பிரியாணிப் பொட்டலம் ஒன்று பதினைந்து வெள்ளி.
கோழி, அரிசி, பச்சடி, பிளாஸ்டிக் கரண்டி
எல்லாம் போகப்
பிள்ளையின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்தது
ஆறு வெள்ளி நாற்பது சென்.
யாரும் கேட்கவில்லை.
வாங்கியவர்கள் பதினைந்தையும்
தர்மமாகவே தின்றார்கள்.

நான் பொருளாளர்.
பகலில் ஜெலுத்தோங் டயர் கடையில் பில் போடுகிறவள்.
இரவில், வளைந்த முதுகெலும்புக்கு
இரண்டு கம்பியும் பதினெட்டுத் திருகாணியும் வாங்கச்
சில்லறை எண்ணினேன்.
பெட்ரோல் நிலையத்துக் கமாரியா
கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்த மைலோ டின்னில்
அறுபத்தொரு வெள்ளி, ஒரு தாய்லாந்துக் காசு.
ஊதுவத்திக் கடை ஆ ஹெங் இருநூறை நீட்டி
ரசீது வேண்டாம் என்றார்.
எழுதிக் கொடுத்தேன்.
அவருக்காக இல்லை.

மேடையில் கொடுத்த ராட்சதக் காசோலை
அச்சடிக்கத் தொண்ணூற்றைந்து.
அதுவும் அவள் பணத்திலிருந்துதான்.
தலைவர் குணாளன் ஒரு முனை, செயலாளர் மறுமுனை.
நடுவில் சாய்ந்து நின்றாள் திவ்யாஷினி.
படத்தில் காசோலை மட்டும் நேராக விழுந்திருந்தது.

பிறகு, இதர செலவு.
அந்த வரியை எழுதியதும் நான்தான்.
இரண்டே சொல்,
உள்ளே என்னென்ன பிடிக்கிறது!
தலைவரின் பெட்ரோல், நான்கு பொன்னாடை,
கூட்டம் நடந்த மாமாக் கடையில்
ரொட்டி சானாய், தே தாரிக், மறுபடியும் தே தாரிக்.
என் கார் நிறுத்திய நான்கு வெள்ளியும்
அதற்குள்தான் இருக்கிறது.
சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து
திவ்யாஷினியின் அம்மா அமராவதி
கடைக்கே வந்தாள்.
காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலில்
முதலில் எனக்குக் காதில் விழவில்லை.
"சமூகநல ஆபீசர் பாதி போட்டுட்டாங்க. இது மிச்சம்."
ஆயிரத்து நூற்று இருபத்தாறு வெள்ளி ஐம்பது சென்.
தேதிவாரியாகப் பின்னடித்த ரசீதுகள்.
பஸ் டிக்கெட்டுகள் கூட.

"ஒன்னு மட்டும் கேக்காம வாங்கிட்டேன்.
ஆப்பரேஷன் முடிஞ்சு
பிள்ள அஞ்சு சென்டிமீட்டர் ஒசந்துட்டா.
ஸ்கூல் பாவாட எட்டல.
இருபத்து நாலு தொண்ணூறு.
தப்புன்னா சொல்லுங்க, மாசாமாசம் கட்டிடறேன்."

திரும்பி வரும் பணத்துக்கு
என் புத்தகத்தில் பத்தியே இல்லை.
பில் அட்டையின் ஓரத்தை வைத்து
ஒரு கோடு இழுத்தேன். கோணலாக வந்தது.

குணாளனுக்குப் போன் செய்தேன்.
"நல்லதாப் போச்சு" என்றார்,
"ஆண்டு விருந்துக்கு ஏசி மண்டபமாப் பாத்துடலாம்."
ஆ ஹெங்கிடம் போய்க் கேட்டேன்.
ரசீதைத் தேடி எடுத்தார். வைத்திருக்கிறார்!
"வேற பிள்ளைக்குக் குடு.
எந்தப் பிள்ளைன்னு எனக்கு எழுதிக் குடு."

அன்றிரவு இதர செலவை உடைத்தேன்.
பெட்ரோல், குணாளன், எண்பத்து நான்கு.
பொன்னாடை, யார் தோளுக்கு எவ்வளவு.
கார் நிறுத்தம், நான், நான்கு. கட்டியாயிற்று.
கடைசியாக
ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்ததற்கு
நீலப் பாவாடை ஒன்று, இருபத்து நான்கு தொண்ணூறு,
மருத்துவச் செலவில்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம்.
அநேகமாக என்னை மாற்றிவிடுவார்கள்.
புத்தகத்தோடு சாவியையும் ஒப்படைக்க வேண்டும்.
அந்தத் தாய்லாந்துக் காசு
இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.
அதை எங்கே எழுத?