மூன்று எண்ணுவதற்குள்

பகாவ் கடைத்தெரு முனையில்
லிங்கேஸ்வரன் விரல் சொடுக்கிச் சொல்வான்:
"இப்போ ஊதும் பாரு."
ஒன்று, இரண்டு, மூன்று...
செம்பனை ஆலைச் சங்கு ஊதும்.
என் இருபது காசு
அவன் சட்டைப்பைக்குள் விழும்.

ஒரு மாதம் தோற்றபின்தான் கவனித்தேன்,
அவன் கண் குன்றின்மேல் இருப்பதை.
குழாயில் நீராவி பீறிடுவதும்
சங்கு அலறுவதும் ஒரே கணம்தான்.
அந்த வெள்ளை உடனே கண்ணுக்கு வந்துவிடுகிறது.
சத்தமோ
லாலான் புல் தாண்டி, தண்டவாளம் தாண்டி
நடந்து வருகிற ஆள்.
கிலோமீட்டருக்கு மூன்று நொடி கேட்கிறது.

இன்று விடியலில் மூடுபனி.
குன்றைக் காணோம், குழாயைக் காணோம்.
லிங்கேஸ்வரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு
பேசாமல் நிற்கிறான்,
என்னைப்போல வெறும் காதோடு.

"ஐம்பது காசு கட்டுறியா?" என்றேன்.