த்ரோவுக்கு ஆஃப்சைடு இல்லை

பதினான்கு பேர்.
அதில் இருவருக்கு அரியர், ஒருவனுக்கு முட்டி.
மிச்சம் சரியாகப் பதினொன்று.
கணுக்கால் சுளுக்க வேண்டுமென்றாலும்
மற்ற பத்துப் பேரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுவயலில் எங்கள் மைதானம்
வடக்கே ஒரு முழம் சரிவு.
கோல்கம்பத்துக்குப் பின்னால் அரிசி ஆலை.
உமி பறந்து வரும் நாளில்
அடைக்கலராஜ் ஒரு கண்ணை மூடிக்கொண்டே
பந்து பிடிப்பான்.

உடற்கல்வி இயக்குநர் இடம் ஐந்து வருடமாகக் காலி.
பொறுப்பு: தாவரவியல் உமையாள் மேடம்.
ஸ்டாக் ரிஜிஸ்டருக்காக எண்ணியபோது தவிர
பந்தைத் தொட்டதில்லை அவர்.
விதிப்புத்தகத்தை மட்டும்
வரி விடாமல் படித்துவிட்டு
ஒரு மாலை கேட்டார்:
"ஏம்ப்பா, த்ரோ எறியும்போது
ஆஃப்சைடு கிடையாதாமே?"

ஆமாம் மேடம் என்றோம்.
சொன்ன பிறகுதான் யோசித்தோம்.

சாத்தையா வகுப்பு முடிந்து
ஆலையில் சிப்பம் ஏற்றுவான்.
இருபத்தாறு கிலோ,
லாரியின் ஆறாவது அடுக்குக்கு,
கீழே நின்றபடி.
தலைக்கு மேல் இரு கை, இடுப்பில் ஒரு முறுக்கு.
அந்தக் கைகளில் பந்தைக் கொடுத்தோம்.
கோட்டிலிருந்து கிளம்பி
கோல்வாயில் விழுந்தது.
இன்னொன்று. அதுவும்.
இருட்டும்வரை எறிந்தான்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டோம்.
குதிகாலால் தட்டுவது,
செல்போனில் பார்த்துப் பழகிய முக்கோணங்கள்,
எல்லாம்.
எதிராளியின் முழங்காலில் பந்தை அடித்து
வெளியே அனுப்புவது எப்படி என்று மட்டும்
மூன்று மாதம் படித்தோம்.
பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

காரைக்குடியில் போட்டி. பங்குனி வெயில்.
சென்னைக் கல்லூரி ஏசி பஸ்ஸில் இறங்கியது.
கால் பிடித்துவிட ஒருவர்,
ஐஸ் பெட்டிக்கு ஒருவர்,
வீடியோ எடுக்க ஒருவர்.
எங்கள் பதினொரு பேரும்
புதுவயல் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள்.

முதல் பாதியில் பந்து எங்கள் காலில் பட்டதைவிட
வலையில் பட்டது அதிகம் என்றான் ஜியாவுதீன்.
பொய். ஒரே ஒரு கோல்தான்.
ஆனால் அப்படித்தான் இருந்தது.

எழுபத்தொன்றாவது நிமிடம்
முழங்கால் ஒன்று கிடைத்தது.
சாத்தையா எறிந்தான்.
வைரவன் பந்தைப் பார்க்கவே இல்லை,
பிடரியில் பட்டுத் திரும்பியது.
பிடரி கோலும் கோல்தான்.

டைபிரேக்கரில் தோற்றோம்.
அதில் எழுத ஒன்றுமில்லை.

பஸ் கிளம்புமுன் அவர்களின் கோச்
சாத்தையாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.
ஹாஸ்டல் இலவசம். தினம் நாலு முட்டை.
மாதம் ஒரு தொகை,
சிப்பம் தூக்கினால் வருவதைவிட இரண்டு மடங்கு.
எங்களிடம் வந்து எதுவும் கேட்காமல் நின்றான்.
போடா என்றோம்.
எந்தப் போடா என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.
டிசியில் 'நடத்தை: நன்று' என்று எழுத
உமையாள் மேடம் வெகுநேரம் பேனா தேடினார்.
பேனா கையில்தான் இருந்தது.

இந்த வருடம் அதே மைதானம், அதே வெயில்.
நீல ஜெர்சி. ஆணி வைத்த நல்ல பூட்ஸ்.
எங்கள் முழங்காலில் அடித்து
அவர்கள் பந்தை வெளியே அனுப்புகிறார்கள்.

எல்லைக்கோட்டில் சாத்தையா.
பந்தை வயிற்றில் ஒருமுறை துடைத்தால்
கிட்டக் கம்பம்.
இருமுறை துடைத்தால் எட்டக் கம்பம்.
அவர்களின் வீடியோக்காரருக்கு
இது தெரிந்திருக்க வழியில்லை.

எங்களைப் பார்த்தான்.
ஒருமுறை துடைத்தான்.
நான்கு பேர் கிட்டக் கம்பத்துக்கு ஓடினோம்.

சிரித்துவிட்டு
இன்னும் ஒருமுறை துடைத்தான்.