கணக்கில் வராத வரத்து

பெட்ரோல் வண்டிக்கு இந்தப் பக்கம் அனுமதியில்லை.
இஞ்சின் பொறி தெறித்தால்
தட்டுகளுக்குக் கேட்டுவிடும்.
டீசல் வண்டியில், செல்பேசி இல்லாமல்,
இரவு இரண்டு மணிக்கு
லீனி ஸ்லாம்பி வேலியோரமாகப் போகிறாள்.
கரூ பாலையில் ஜூன் குளிர். மூச்சு புகைகிறது.

மாலையில் முனைவர் ரமைலா திரையைக் காட்டியிருந்தார்:
இந்த விண்மீன் மண்டலத்துக்கு வெளியே,
ஒன்றுமேயில்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது.
அல்லது
பக்கத்துப் பண்ணை மின்வேலி பொறி விடுகிறது.
இரண்டில் ஒன்று.

கணக்கு உதைக்கிறது என்றார்.
உள்ளே இருக்கும் வாயு இருநூறு கோடி ஆண்டுக்கே காணும்.
ஆயிரம் கோடி ஆண்டாகியும்
அங்கே விண்மீன் பிறந்தபடி இருக்கிறது.
யார் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்?

"யா-நே" என்றாள் லீனி.
அவள் பேச்சில் அது ஆமாவும் இல்லையும் சேர்ந்தது.

வில்லிஸ்டன் பாதையில் அவள் தம்பி டாவியின் தொட்டியில்
நானூறு செம்மறி குடிக்கிறது.
தொட்டியை மட்டும் அளப்பவன்
மூன்றாம் நாள் வற்றும் என்று எழுதிவிட்டுப் போவான்.
காற்றாலைக்குக் கீழே
அறுபது மீட்டரில் நடப்பது
காற்று நின்ற வாரத்தில்தான் தெரியவரும்.

கம்பத்துக்குக் கம்பம் நின்று காது வைத்தாள்.
பதினோராவதில் ஒரு புல்
கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.
டிக். டிக்.
நீலமாக, கொசு அளவு.
மின்னை அணைத்து, புல்லை அறுத்து,
கம்பியை இழுத்துக் கட்டினாள்.
ஓர் ஆடு எழுந்து பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

விடிகையில் திரையில் இரைச்சல் இல்லை.
அது மட்டும் இருந்தது.
குளிர்ந்த ஹைட்ரஜன், ஒற்றை இழை.
ஒரு டம்ளர் இடத்தில்
ஓர் அணு இருந்தால் அதிகம்.
அப்படியே பல லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு
அந்த மண்டலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
எவர் கேட்காமலும்.

ரமைலா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு வேறொரு படத்தைத் திறந்தார்:
இது கூட்டத்துக்குள் போய்ச் சிக்கியது.
அங்கே இடைவெளி முழுக்கக் கொதிவாயு,
குளிர்ந்து விழ வழியில்லை.
வரத்து நின்றது. சிவந்துவிட்டது.
இருக்கிற கிழட்டு விண்மீன்களோடு சரி.

லீனி அதையே பார்த்தாள்.
டாவிக்கு இன்று காற்று உண்டா என்று
ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்தாள்.

பதிவேட்டில் எழுதினாள்:
பதினோராம் கம்பம். புல். சரிசெய்தாயிற்று.
பேனாவை மூடி, மறுபடி திறந்து:
மீதி இருப்பது எங்கள் வேலி அல்ல.