கரண்ட் வரும் வரை

வெள்ளவத்தையில் கடற்பக்க யன்னல் என்றால்
உப்புக்காற்று முதலில் தேடுவது
பேக்கிங் பவுடர் டின்னைத்தான்.
போன கிழமை வாங்கியது. ஆனாலும்
கொதிநீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன்.
சீறியது.
சரி, உயிர் இருக்கு.

அந்த டின்னுக்குள் அமிலமும் காரமும்
ஒன்றாய்த்தான் கிடக்கின்றன.
நடுவில் சோளமா,
வருகிற ஈரத்தைத் தான் குடித்துக்கொண்டு.
இந்த வீட்டில் நானும் மச்சாள் தர்மினியும் போல.
சீட்டுக்காசுப் பிரச்சினைக்குப் பிறகு
"மீன்காரன் வந்தவன்"
"மோட்டரை நிப்பாட்டுங்கோ"
எட்டு மாதமாய் இவ்வளவுதான் கதை.

மூன்றாம் மாடி ரிஸ்மியாவின் மகனுக்கு
இன்றைக்கு ஆறு வயது.
பட்டர் கேக், மேலே நீல ஐசிங், ஒரு சுறா.
மாவில் பால் விழுந்ததும்
கிண்ணத்தின் விளிம்பில் சின்னக் கண்கள் திறந்தன.
தட்டைத் தூக்குகிறேன்,
கரண்ட் போய்விட்டது.
எட்டிப் பார்த்தேன். ஒழுங்கை முழுக்க இருட்டு.

ஓ.எல். இரசாயனத்தில் எனக்கு சி.
இருகாபனேற்று என்று பிழையில்லாமல் எழுதுவேன்.
காபனீரொட்சைட்டு
இப்படிக் கண்முன்னால் ஒவ்வொன்றாய் உடைந்து போக,
ஒரு பெண் கரண்டியோடு நிற்பாள் என்பது
பாடத்தில் இல்லை.
இன்னொருதரம் அடித்தால் எழும்பாதா என்று
கையை வைத்தேன்.

"கலக்காதைங்கோ. உள்ள காத்தும் போயிடும்."

போன் வெளிச்சத்தோடு தர்மினி.
டின்னைத் திருப்பி,
எறும்பளவு எழுத்தில் விரலை வைத்தாள்.
"இது ரெண்டு தரம் வேலை செய்யிறது.
நனைஞ்சாப் பாதி. மிச்சம் சூட்டுக்குத்தான் எழும்பும்.
விடுங்கோ, கிடக்கட்டும்."

விட்டேன்.
நாற்பத்திரண்டு நிமிடம்.
தெஹிவளைப் பக்கம் ஒரு ரயில் போனது.
இருவரும் கதைக்கவில்லை.
அவளும் அறைக்குப் போகவில்லை.

வெளிச்சம் வந்தது. அவணும் சூடேறியது.
கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தோம்:
முதலில் ஓரம்,
பிறகு, மனமில்லாத மாதிரி, நடு.
வழமையைவிட ஒரு விரல் பதிவு.
வலப்பக்கம் மட்டும் வீம்புக்கு வெடித்து நின்றது.
சுறாவுக்குக் கீழே யார் அளக்கப் போகிறார்கள்.

வெடித்த மேட்டை வெட்டி மட்டமாக்கினேன்.
தர்மினி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.
"சீனி கூடிப்போச்சு."
சொல்லிவிட்டு
நான் திறந்தபடியே விட்டிருந்த டின்னை
இறுக்கி மூடினாள்.